வெள்ளைத் தாளின் தலையில் ஒரு சுழி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. சிட்னி வென்ட்வேர்த்வில்லில், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் பின்னேரம் நான் குடிக்கிற சீனி போட்ட பிளேன்ரீ மேல் சத்தியம். எனக்குச் சலரோகம், ஒரு நாளைக்கு ஒன்றுதான் அனுமதி. அதன்மேல் பொய்ச் சத்தியம் செய்கிற நிலைமையில் நான் இல்லை.

கபிலன் என் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறவன். படகில் வந்தவன். வருகிற வழியில் இந்தோனேசியாவில் அகப்பட்டு, மேடான் நகரத்து முகாமொன்றில் நாலு வருஷம் இருந்தவன். இப்போது கிரவீனில் குளிரறை திருத்துகிற பட்டறையில் வேலை. குளிர்பெட்டியில் காதை வைத்தானென்றால் அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவான். ஆனால் உள்ளே இருக்கிற வாயுவைத் தொடச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பரீட்சையை இங்கிலீஷில் மூன்று தரம் எழுதி மூன்று தரமும் பெயில். இன்னொரு தரம் பெயிலானால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தற்காலிக விசாக்காரனுக்கு வேலை போனால் கூடவே என்னென்ன போகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

பரீட்சை நடத்துகிற நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் அதை இந்தோனேசிய மொழியிலும் வைக்கத் தீர்மானித்தார்கள். வெள்ளோட்டம் பார்க்க, சிட்னியில் அந்த மொழி தெரிந்த பன்னிரண்டு பேர் வேண்டுமாம். பாஸானால் கிடைப்பது அசல் சான்றிதழ். விளம்பரத்தைக் கண்டவன் நான்.

"அங்கிள், உது இந்தோனேசியாக்காரருக்கல்லோ?"

"உனக்கு அந்தப் பாசை தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும்."

"பிறகென்ன?"

"ஏன், தமிழில வைக்கேல்லையோ?"

"தமிழர் எல்லாரும் இங்கிலீசில பாஸ் பண்ணிப்போடுவினம் எண்டு நினைக்கினம். உன்னை அவை இன்னும் காணேல்லை."

எழுதினான். பெறுபேறு வந்தது. இந்தோனேசியாக்காரர் பதினொரு பேரும் பெயில். கபிலனுக்குத் தொண்ணூற்றெட்டு.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மொழிபெயர்த்தவர் ஒரு பெரிய பண்டிதர். சுராபாயாக்காரர் ஒருவர் பாதியில் எழும்பி, இது எந்த நாட்டுப் பாஷை என்று கேட்டாராம். கபிலனோ நாலு வருஷம் முகாம் சுவரில் ஒட்டிய அரசாங்க அறிவித்தல்களைத் தவிர வேறெதையும் வாசித்ததில்லை. எல்லாம் 'டிலாராங்' என்று தொடங்கும். தடை என்று அர்த்தம். அங்கே நிற்கத் தடை, இங்கே சமைக்கத் தடை. பரீட்சையோ முக்கால்வாசியும் வாயுவை என்னென்ன செய்யக்கூடாது என்பதுதான். அவனுக்கு அது பழைய சுவரை வாசித்தது மாதிரி இருந்ததாம்.

ஆனால் சான்றிதழ் வரவில்லை. விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்றிருந்ததால் நானும் பரமட்டாவுக்குப் போனேன்.

மெல்பனிலிருந்து கிரேக் என்ற அதிகாரி வந்திருந்தார். பக்கத்தில் ஹரிப்பிரியா என்றொரு பிள்ளை, குறிப்பெடுக்க. கணக்குப் பார்க்கக் கபிலனுக்குக் கொடுத்த வெள்ளைத் தாளைக் கிரேக் மேசையில் வைத்தார். அதன் தலையில் ஒரு பிள்ளையார் சுழி.

"இது என்ன குறி?"

கபிலன் என்னைப் பார்த்தான். "சும்மா போடுறது, சேர்" என்றான். விசாரணையில் சொல்ல இதைவிடக் கெட்ட பதில் இல்லை.

கிரேக் ஒரு பெட்டியைத் திறந்தார். பதினொரு வருஷத்து வெள்ளைத் தாள்கள். சிட்னி, மெல்பன், பேர்த். நானூற்றுப் பன்னிரண்டில் அதே சுழி. எழுதியவர்கள் எல்லோருக்கும் நீளமான பெயர். "மிகப் பெரிய கும்பல்" என்றார். "அநேகமாக எல்லோரும் பாஸ். இவர் மட்டும் இங்கிலீஷில் மூன்று தரம் பெயில்."

"அது சுழியின் பிழையில்லை" என்றேன்.

அப்போதுதான் ஹரிப்பிரியாவின் கொப்பியைக் கவனித்தேன். பக்கத்தின் தலையில் அதே சுழி. நான் பார்ப்பதைக் கண்டு கையால் மூடினாள். "சும்மா இருங்க அங்கிள், என் வேலை போயிடும்" என்று வாய்க்குள் தமிழில் சொன்னாள்.

"இதற்குத் தலைவர் யார்?" என்று கேட்டார் கிரேக்.

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "பிள்ளையார்" என்றேன்.

"எங்கே இருக்கிறார்?"

"பல இடத்தில். உங்களுக்குக் கிட்ட என்றால் மெல்பனில் த பேசின் என்ற இடம். மலையடிவாரம், காரில்தான் போகவேணும்."

"கேட்டால் பேசுவாரா?"

"இதுவரை பேசினதாகத் தெரியவில்லை. ஆனால் கேட்பார்."

'ஒத்துழைக்க மறுக்கக்கூடும்' என்று எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கிரேக் கபிலனின் கோப்போடு த பேசினுக்குப் போனார். மிச்சத்தைக் கூடப்போன ஹரிப்பிரியா போனில் சொன்னாள். கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். இங்கே பொறுப்பு யார் என்று கேட்டார். எல்லோரும் உள்ளே கை காட்டினார்கள். வரிசையில் நின்று உள்ளே போனார். ஐயருக்குப் பரீட்சைக் காலம் பழக்கம். கோப்போடு ஒருவர் கும்பிடாமல் முழுசிக்கொண்டு நின்றால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும். கோப்பை வாங்கினார், பிள்ளையாரின் காலடியில் வைத்தார், நட்சத்திரம் கேட்டார். கிரேக் தன் பிறந்த திகதியைச் சொன்னார். அர்ச்சனை முடிந்து, மூலையில் குங்குமம் தொட்டு, கோப்பு திரும்பி வந்தது. கிரேக் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அறிக்கையில் இப்படி எழுதினார்: 'தலைவரை நேரில் சந்தித்தேன். வாயுக்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.'

அடுத்த கிழமை சான்றிதழ் தபாலில் வந்தது. மூலையில் குங்குமம். கூடவே கபிலனுக்கு ஒரு வேலையும் வந்தது: பண்டிதரின் பரீட்சையை பஸ் ஸ்டாண்டில் பேசுகிற இந்தோனேசிய மொழிக்குக் கொண்டுவருவது. கொண்டுவந்தான். பதினொரு பேரும் பாஸ். ஒரு சமூகத்துக்கு மட்டும் அனுகூலம் இருக்கக்கூடாதென்று, இப்போது எல்லா வெள்ளைத் தாளிலும் சுழியை அச்சடித்தே கொடுக்கிறார்கள்.

இவ்வளவையும் இன்று காலை குசினியில் கபிலனுக்கு வாசித்துக் காட்டினேன். பொங்கல் வந்த இடத்தில் சிரித்தான். பிறகு பரீட்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டான்.

அந்த இந்தோனேசிய மொழி வெள்ளோட்டப் பரீட்சை வருகிற புதன்கிழமைதான், காலை ஒன்பதரைக்கு.