யோகாம்பாள் சொல்லாத பெயர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டே வாருங்கள். யோகாம்பாளுக்குப் பொறுமை தீர்ந்துபோன கதையைச் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு, அவள் எரிந்து விழுந்தது பிழையா என்று நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. கடல் தாண்டி நாங்கள் வந்து சேர்ந்த இந்த ஊரில், போர்கோ வெக்கியோப் பகுதியில், சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் யோகாம்பாளும் புருசன் கோபாலசிங்கமும் இருந்தார்கள். இருவருக்கும் சிஞ்ஞோராக்கள் என்கிற இந்த ஊர்ச் சீமாட்டிகளின் வீடுகளில் வேலை. ஒரே மகள் நிரோசினிக்குப் பதினான்கு வயது. அவளுக்கு ஓட்டிசம் என்று டொக்டர் எழுதித் தந்திருந்தார். அது என்னவென்று தெரியாத எங்கள் ஆட்கள், பிள்ளைக்குச் சுகமாகும் என்று, ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு நடக்கச் சொன்னார்கள். யோகாம்பாள் நடந்தாள். கால் வீங்கியதுதான் மிச்சம். பிள்ளை பிள்ளையாகவே இருந்தாள். ஒரு சட்டத்தை அவளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும், பிறகு எந்தக் கொம்பனாலும் அதை மாற்ற ஏலாது.

அந்தச் செப்டெம்பரில் அவள் சின்னப் பள்ளிக்கூடத்தை விட்டுப் பொலிதேயாமாப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஓகஸ்ட் முழுக்க ஊர்ச் சனம் கடலில் கிடக்க, தாயும் மகளும் கொதிக்கிற வெயிலில் அந்த வழியை நடந்து பழகினார்கள். ஒருநாள் மீன்காரன் தட்டை இடம் மாற்றி வைத்துவிட்டான் என்று வீட்டுக்குத் திரும்பிப் போய், முதல் படியிலிருந்து மறுபடி நடந்தார்கள். மணிச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு. சாப்பாட்டுக்கு நீலப் பெட்டி. வகுப்பில் இருக்கிற கதிரை சுவரோரமாய் வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு மூன்று கடிதம். எல்லாம் செய்தாள். ஒன்றே ஒன்றை யாரும் நினைக்கவில்லை.

முதல் நாளே பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. காலையில் பெயர் கூப்பிட்டபோது பிள்ளை மேசைக்குக் கீழே புகுந்துவிட்டாளாம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எழும்பிப் போய், வாத்தியார் பெயர் பார்த்துக் கூப்பிடுகிற இடாப்பைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாளாம். காதைச் சோதிக்கச் சொன்னார்கள். சோதித்தால் எறும்பு ஊர்வதும் கேட்கிற காது. கடைசியில் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரை பார்ப்போம், சரிவராவிட்டால் பிள்ளை கொஞ்சக் காலம் வீட்டில் இருப்பது நல்லது என்றார். அந்தக் கொஞ்சக் காலம் எவ்வளவு என்று யோகாம்பாளுக்குத் தெரியும். தெரிந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை அப்படிக் கதவுக்குள்ளே போய் ஆறு வருடம்.

துணை ஆசிரியை ஜூலியா நல்ல பெட்டை. வெள்ளிக்கிழமை யோகாம்பாளைக் கூட்டிப்போய் வகுப்பின் கடைசியில் இருத்தினாள். வாத்தியார் இடாப்பைத் திறந்தார். இந்த ஊர்க் கடதாசிகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர்தானே குடும்பப் பெயர். சின்னப் பள்ளிக்கூடத்து ரீச்சர் மூன்று வருடமும் நிரோசினி என்றே கூப்பிட்டவள். இவரோ நாக்கை முறுக்கி, "கோபாலாசிங்காம்" என்றார்.

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அதே நேரம் யோகாம்பாளின் கையும் தன்பாட்டில் வாய்க்குப் போனது.

புருசன் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள். கூப்பிடுவது "இஞ்சாருங்கோ". விசாவுக்குப் போகிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் கேட்டால் கடதாசியை விரலால் தொட்டுக் காட்டுவாள். நிரோசினி நாலு வயதில் விளையாட்டாய்த் தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, வாயில் ஒரு தட்டுத் தட்டி, அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்றவளும் இவளேதான்.

நிரோசினி என்றே கூப்பிட்டால் என்ன என்று ஜூலியாவிடம் கேட்டாள். நான் கூப்பிடுவேன், ஆனால் ஒன்பது பாடத்துக்கு ஒன்பது ஆசிரியர், ஆஸ்பத்திரியிலும் கந்தோரிலும் யாரிடம் போய்ச் சொல்வது என்றாள் அவள். அதுவும் சரிதான்.

சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையை இருத்தி, அந்தப் பெயரைக் கூப்பிட்டால் 'பிரெசென்தே', அதாவது 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும் என்று விளங்கப்படுத்தினாள். படம் கீறிக் காட்டினாள். கெஞ்சினாள். கத்தினாள். நிரோசினி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மாவும் சொல்லுறேல்லை."

யோகாம்பாள் கையிலிருந்த பென்சிலை எறிந்தாள். "வழி பழக்கினன், மணி பழக்கினன், இப்ப இதுவுமோ? என்னாலை ஏலாது. இஞ்சாருங்கோ, நீங்களே வந்து சொல்லிக் குடுங்கோ."

கோபாலசிங்கம் குளியலறையிலிருந்து பாதிச் சவரத்தோடு எட்டிப் பார்த்தார். "நான் சொல்லி என்ன பிரயோசனம்? சட்டம் போட்டது நீர். இருவது வருசமா உந்த வாயாலை என்னை எப்பிடியெல்லாம் பேசியிருக்கிறீர், பேர் ஒண்டுதான் பாக்கி. சொல்லும். நான் செத்துப்போக மாட்டன்."

"உந்தக் கதையை விடுங்கோ."

"சொல்லுமப்பா. பிள்ளை வீட்டுக்குள்ளை கிடந்தா நான் எத்தினை வயசு இருந்தென்ன?"

சாமிப் படத்தைப் பார்த்து ஒருதரம் கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, யோகாம்பாள் சொன்னாள். குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் தரம் வந்தது.

"பிழை," என்றாள் மகள். "சிங்காம்."

பாருங்கள் அநியாயத்தை. பெயரைச் சொல்ல வைத்ததும் போதாமல், வாத்தியார் சொன்ன மாதிரியே வேண்டுமாம். அன்றும் ஞாயிறும் அந்த வீட்டில் "கோபாலாசிங்காம், கோபாலாசிங்காம்" என்றே கேட்டதாகக் கீழ்வீட்டு ஃப்ரான்சுவாஸ் சொன்னாள். ஆனாலும் பிள்ளை பதில் சொல்லவில்லை. வீட்டில் இடாப்பு இல்லையாம்.

திங்கட்கிழமை. ஜூலியா கேட்டுக்கொண்டபடி யோகாம்பாளை வகுப்பு வாசலில் நிற்க விட்டார்கள். வாத்தியார் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். நிரோசினியின் கை காதுவரை போய் நின்றது. திரும்பித் தாயைப் பார்த்தாள். இருபத்தைந்து பிள்ளைகளும் சேர்ந்து திரும்பினார்கள்.

யோகாம்பாள் கண்ணை மூடவில்லை. சந்தைக்காரி மாதிரி உரத்து, தன் புருசனின் பெயரைச் சொன்னாள்.

பிள்ளை கையை இறக்கினாள். "பிரெசென்தே."

வாத்தியார் இடாப்பில் அடையாளம் போட்டார். யோகாம்பாள் படியில் போய் இருந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகையா வியர்வையா என்று கேட்காதீர்கள்.

அன்று பின்னேரமே அடுத்த தலையிடி. சோறு போட்டதும் நிரோசினி அறைப் பக்கம் திரும்பி, "கோபாலாசிங்காம், சாப்பிட வாங்கோ," என்றாள். தாய் வாயைத் திறந்தாள். பிறகு குழம்பை அள்ளிச் சோற்றில் ஊற்றினாள். உள்ளேயிருந்து "பிரெசென்தே" என்று பதில் வந்தது.

செல்லங்களே, உங்கள் வீட்டிலும் ஒவ்வொருவர் பெயரும் நெடுங்காலம் வாய்நிறையக் கூப்பிடப்படட்டும். கூப்பிட்ட ஒவ்வொரு பெயருக்கும் உள்ளேயிருந்து பதில் வரட்டும்.