முதலில் எடுத்த வீடியோ

...அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை, இரண்டு வீடியோவும் போனிலேயே இருக்கின்றன, ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும், ஆட்டோ காட்டுப்பாக்கத்தை விட்டே இன்னும் நகரவில்லை, மண்ணூர்பேட்டை ஆபீஸ் போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம், அதற்குள் முடிவு செய்துவிடலாம் என்று அனுசுயா நினைத்துக்கொண்டாள், ஆனால் முடிவு செய்ய என்ன இருக்கிறது, இரண்டாவதைத்தான் அனுப்பப் போகிறாள், அது அவளுக்கே தெரியும், பிறகு எதற்கு நெஞ்சுக்குள் இந்தக் கனம்... அவள் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் தரும் அமெரிக்க அறக்கட்டளை கேட்டது சின்ன விஷயம். கொரோனா காலத்தில் உங்கள் தொண்டு நிறுவனம் ஒடுக்கப்பட்ட மக்களோடு எப்படி நின்றது, அவர்களில் ஒருவரே சொல்லட்டும், இரண்டு நிமிடம் போதும். அது பிடித்துப்போனால் சமத்துவ நிதி என்று புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள், அது கிடைக்கும், பதினோரு பேருடைய வேலை தப்பும், பிள்ளைகளின் மாலை வகுப்பு தப்பும். நல்ல காரியம்தானே. யாரைப் பேச வைப்பது என்று மீட்டிங்கில் கேட்டபோது கன்னியம்மா பெயரைச் சொன்னது அவள்தான், எங்க அபார்ட்மென்டில் பெருக்குகிறவர், பின்னால் காலனியில் இருக்கிறார், நன்றாகப் பேசுவார் என்று. பெருக்குகிறவர், இருக்கிறார், பேசுவார்... அந்த 'ர்' எட்டு வருடமாக மாடிப்படியில் எங்கே போயிருந்தது? கன்னியம்மா இங்கே பெருக்கு, கன்னியம்மா லிஃப்டில் வராதே. இன்று மத்தியானம் காலனி வீட்டு வாசலில் நின்று அக்கா என்று கூப்பிட்டபோது கன்னியம்மா சிரித்துவிட்டாள். "இன்னாமா, புதுசா அக்கான்ற?" என்றாள். அதில் குத்தல் இருந்ததா? இல்லை, வெறும் ஆச்சரியம்தான், அதுதான் தாங்க முடியவில்லை.

டீ போட்டுக் கொடுத்தாள் கன்னியம்மா. அனுசுயா கடைசிச் சொட்டு வரை குடித்தாள், குடிக்கும்போதே உள்ளே ஒரு குரல், பார், நான் குடிக்கிறேன் பார் என்று... யாரிடம் காட்டிக்கொண்டது அந்தக் குரல்? எங்க வீட்டில் அதெல்லாம் பார்க்க மாட்டோம் என்று கரூரில் காலேஜ் படிக்கும்போதிலிருந்து சொல்லி வருகிறவள், அப்படிப் பார்க்காதவளுக்கு ஒரு கிளாஸ் டீ ஏன் சாதனையாகத் தெரிய வேண்டும்? பார்க்கிறவள்தான், அந்த ஜூன் மாதம் பார்த்தவள்தான். லாக்டவுனில் நிறுவனத்தின் சார்பில் இருநூறு குடும்பத்துக்கு மளிகைப் பைகள், அபார்ட்மென்ட் ஹாலில் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு, டிரைவர்கள், டெய்லர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், எல்லோருக்கும் நாற்காலி, ஆளுக்கொரு டம்ளர் மோர். முந்தின நாள் அசோசியேஷன் செக்ரட்டரி ஜெகதீசன் போன் செய்தார், காலனிக்காரர்களை மட்டும் உள்ளே விட வேண்டாம், எல்லோரும் பயப்படுகிறார்கள், தொற்று பாருங்கள், வேறு எதுவும் இல்லை என்றார். வேறு எதுவும் இல்லை என்று அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். காலனியில் அப்போது ஒருத்தருக்கும் தொற்று இல்லை, அபார்ட்மென்டில்தான் பி பிளாக்கில் இரண்டு பேருக்கு இருந்தது, அது அவளுக்குத் தெரியும், தொற்று உள்ளவர்களின் லிஸ்டை எடுத்ததே அவள்தான். தெரிந்தும் சரி சார் என்றாள். குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்கேட்டில் சுண்ணாம்பால் வட்டம் போட்டாள், பையைத் தரையில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நிற்பாள், ஒருவர் வந்து குனிந்து எடுத்துக்கொண்டு போவார், அடுத்தவர். கன்னியம்மாவின் புருஷன் துலுக்கானம் வந்தார், தரையில் இருந்த பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குனியாமல் திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கன்னியம்மா வந்து அதை எடுத்துப் போனாள். அன்று சாயங்காலம்தான் அந்த அறக்கட்டளையின் மெயில் வந்தது, அங்கே ஒரு கருப்பின மனிதரின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை ஊன்றிக் கொன்றிருந்தார், உலகமெங்கும் உள்ள கூட்டாளிகள் குரல் கொடுக்க வேண்டும் என்று. அவள் செய்தியைப் படித்து உண்மையாகவே அழுதாள், நடிப்பு இல்லை, அழுதுகொண்டே தங்கள் நிறுவனத்தின் அறிக்கையை எழுதினாள், பிறப்பைக் காட்டி எந்த மனிதரையும் தள்ளி நிறுத்துவதை நாங்கள் ஏற்க மாட்டோம்... டைப் அடித்த விரல்களில் நகத்துக்குள் சுண்ணாம்பு இருந்தது. அதைப் பார்க்கவும் செய்தாள். கை கழுவிவிட்டு வந்து மிச்சத்தை எழுதினாள்.

ஆட்டோ வானகரம் பக்கம் வந்துவிட்டது, லாரிகள், ஹாரன் சத்தம், டிரைவர் தனக்குத்தானே திட்டிக்கொண்டிருந்தார். இன்று கன்னியம்மா என்ன செய்தாள், ஒன்றும் செய்யவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். என்ன பேச வேண்டும் என்று அவள் கேட்டபோது, மனசில் இருப்பதைச் சொல்லுங்க அக்கா என்றது யார்? துலுக்கானம் அதைக் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கன்னியம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு போனைப் பார்த்துப் பேசினாள், கோபமே இல்லாமல்.

"வேல இல்ல, ஊட்ல அரிசி இல்ல, இவங்கதான் குடுத்தாங்க, அத்த இல்லன்னு சொல்ல மாட்டேன். மத்தவங்கள உள்ள ஒக்கார வச்சு குடுத்தாங்க. எங்களுக்கு பின்னாடி, குப்பத் தொட்டியாண்ட, கீழ வச்சிட்டு தள்ளிப் போய்ட்டாங்க. மறுநா காலைல நாந்தான் அவங்க ஊட்டு வாசல பெருக்கினேன். அதுக்கு மட்டும் கொரோனா இல்ல."

நிறுத்திவிட்டாள் அனுசுயா. வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை எடுக்கலாம் அக்கா, அந்தப் பின்கேட் விஷயம் மட்டும் வேண்டாமே என்றாள், சொல்லும்போது காது சுட்டது. கன்னியம்மா காலி டீ கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தாள். "அத சொன்னா உன் வேலைக்கு கஷ்டமாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் இவள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், ஆமாம் என்றுதான் வந்தது. "அப்ப வேணாம் வுடு," என்று கன்னியம்மா அடுத்த தடவை ஒரு பிசிறு இல்லாமல் பேசினாள், எங்களைக் கூடப்பிறந்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டார்கள் என்றாள், கடைசியில் கும்பிடவும் செய்தாள். கும்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கொரோனாவில் இவள் கொடுத்தது ஒரு பை அரிசி, இன்று கன்னியம்மா கொடுத்தது இந்தப் பொய், இதை அவள் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போகவில்லை, கையிலேயே கொடுத்தாள்...

நாலு ஐம்பதுக்கு இரண்டாவதை அனுப்பினாள். மூன்று நிமிடத்தில் பதில் வந்தது, மனதைத் தொட்டுவிட்டது, மிக்க நன்றி என்று. இனி முதலாவதை அழித்துவிடலாம், யாருக்கும் வேண்டாம் அது. ஹெட்போனை மாட்டி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று ஓட விட்டாள். கொரோனா இல்ல என்று சொல்லி முடித்த பிறகும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, நான்கைந்து விநாடி, நிறுத்தும் பட்டனை அவள் உடனே அழுத்தவில்லை போலிருக்கிறது. அந்த விநாடிகளில் கன்னியம்மாவின் கண் கேமராவில் இல்லை, அதற்குச் சற்று மேலே இருந்தது. மேலே என்ன இருந்தது? இன்னொரு தடவை ஓட விட்டாள். போனைப் பிடித்திருந்த கைக்கு மேலே அனுசுயாவின் முகம்தான் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்காகச் சொன்னதில்லையா அது... இத்தனை வருடம் கழித்து வீடு தேடி வந்தவளிடம் சொல்லிவிட்டு, அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாளா?