பெரோனிகாவின் கோல்

பெரோனிகா டோப்னோ இந்தியாவுக்காக நூற்று நாற்பத்து மூன்று ஹாக்கி ஆட்டங்கள் ஆடியவள். சொந்த ஊரான லம்டேகாவுக்காக ஒன்றுகூட ஆடியதில்லை. எங்கள் சுந்தர்கட் மாவட்டத்தில் இரண்டாவதைத்தான் முதலில் கேட்பார்கள்.

குற்றம் அவளுடையதல்ல. பன்னிரண்டு வயதில் விளையாட்டு விடுதிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அதன்பின் ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் இங்கே ஊர்களுக்கிடையே கிடாப் போட்டி என்கிற ஹாக்கி நடக்கும்போது, பாவம், அவள் ஏதாவது ஒரு வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருப்பாள். ஜெயித்த ஊருக்குக் கிடா, தோற்ற ஊருக்கு இரண்டு கோழி. லம்டேகா பெண்கள் ஒன்பது வருடமாகக் கோழிதான் தின்றார்கள்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் அவள் நேராக அணித் தலைவியிடம் போனாள். தலைவி அவளுடைய அத்தை மக்தலி. வீட்டுக்கு மருமகள் வந்த பிறகும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடுகிறவள்.

“அத்தை, என்னையும் சேத்துக்கோ. ஒரே ஒரு ஆட்டம்.”

“இதுக்கு முன்னாடி யாருக்கு ஆடின?”

“இந்தியாவுக்கு.”

“அது எந்தப் பஞ்சாயத்துல வருது?”

“ஆசியப் போட்டில மெடல் வாங்கினேனே, பாக்கலையா?”

“பாத்தேன். வேகவச்சா வேகுமா அது?”

இறுதி ஆட்டத்தன்று காலை, இடது ஓரம் ஆடுகிறவளுக்குப் பிரசவ வலி கண்டது. பெற்றுப் போட்டுவிட்டு இரண்டாம் பாதிக்கு வந்துவிடுவதாகத்தான் சொல்லியனுப்பினாள். மருத்துவச்சி விடவில்லை. வேறு வழியில்லாமல் மக்தலி பெரோனிகாவைச் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கச் சொன்னாள்.

நான்தான் நடுவர், பவுலுஸ். மூன்றாவது ஊர்க்காரன். யார் ஜெயித்தாலும் கிடாவின் ஈரல் நடுவருக்கு என்பதால் எந்தப் பக்கமும் சாயமாட்டேன்.

பெரோனிகா கம்பால் பந்தை வழித்து எறிந்தால் அது தோள் உயரத்தில் சீறும். அதற்குப் பயந்து பதினேழு நாட்டுக் கோல்காப்பாளர்கள் தூக்கம் கெட்டதாகப் பேச்சு. எங்கள் கோல்காப்பாளருக்கோ கவசம் கிடையாது. ஆகவே பந்து முழங்காலுக்கு மேலே எழும்பினால் தப்பாட்டம். நாலு முறை எறிந்தாள். நாலு முறை விசில் ஊதினேன்.

“ஏண்டி, ஆகாசத்துலயா மைதானம் போட்டிருக்கு?” என்றாள் மக்தலி.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. லம்டேகாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது.

“அத்தை, இத எனக்குக் குடு. தரையோட போடுறேன்.”

“ஒரு முழம் எழும்பிச்சு, உன்ன விடுதிக்கே பார்சல் பண்ணிடுவேன்.”

தரையோடுதான் போட்டாள். பாதி வழியில் பந்து ஒரு கல்லில் பட்டு வெளிப்பக்கமாகத் திரும்பியது. அங்கே, எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று கோல் கம்பத்தில் கிடாவைக் கட்டியிருந்தோம். பந்து அதன் விலாவில் மோதி, திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தது. கிடா தழையை மென்றுகொண்டே இருந்தது.

“செல்லாது! கிடா பன்னெண்டாவது ஆளு!” என்று பாய்ந்து வந்தாள் எதிரணித் தலைவி சுக்ரோ. பாலிஜோர்க்காரி.

நான் யோசித்துச் சொன்னேன். ஆட்டம் முடியும்வரை கிடா எந்த ஊருக்கும் சொந்தமில்லை. மைதானத்தில் யாருக்கும் சொந்தமில்லாதது எதுவோ அது கல். கல்லில் பட்டுப் போனால் கோல். லம்டேகா ஜெயித்தது.

சுக்ரோ விடுகிற ஆளில்லை. “சரி பெரியவரே, ஒத்துக்கிறோம். கோல் போட்டது யாரு?”

மக்தலி முந்திக்கொண்டாள். “கிடாதான்! இவ அடிச்சது வெளியிலதானே போச்சு!”

“கேட்டுக்கோங்க ஜனங்களே!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள் சுக்ரோ. “தன் ஊருக்குக் கோல் போட்டவனை லம்டேகாக்காரங்க வெட்டிக் கொழம்பு வைக்கப் போறாங்களாம்!”

எங்கள் பக்கத்தில் ஜெயிக்கிற கோலைப் போட்டவருக்குத் துண்டு போர்த்திக் காலைக் கழுவுவது வழக்கம். அவரை அண்டாவில் போட்டதாக யாருக்கும் நினைவில்லை. அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

பெரோனிகா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “கிடாவுக்கே இருக்கட்டும் அத்தை. எனக்கு இந்தியாக் கோல் நூத்திப் பதினொண்ணு இருக்கு.”

மக்தலி கிடாவைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். ஒன்பது வருடக் கோழியும் அவள் தொண்டையில் வந்து நின்றிருக்க வேண்டும்.

“பவுலுஸ் அண்ணே, எழுதிக்கோங்க. கோலு பெரோனிகா டோப்னோ. லம்டேகா.”

“சத்தமா சொல்லு அத்தை. பாலிஜோர்க்காரங்களுக்குக் கேக்கல.”

“பெரோனிகா டோப்னோ! லம்டேகா! போதுமாடி? போய் வெங்காயத்த உரி!”

ஆசியப் போட்டி அரையிறுதியில் மூக்கு உடைந்தபோதுகூட அழாதவள் என்று பேர் வாங்கியவள், உட்கார்ந்து உரித்தாள். கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாகக் கொட்டியது. நான் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் நாலு வெங்காயம். அத்தனை கண்ணீர் நாலு வெங்காயத்துக்கு வராது. ஆனால் நடுவர் எல்லாவற்றுக்கும் விசில் ஊத வேண்டியதில்லை.