மூன்றாம் குட்டைக்கு ஒன்பது கிலோ

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மணி நாலரை. பொத்தேரியில் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து, வேலை செய்கிற மாதிரி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிர் மேஜையில் சஹானா. ஆறு மணிக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஓர் இறால் குட்டையில் தீவனம் விழும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

முதல் தொடக்கம்: ‘சஹானா திமிர் பிடித்தவள்.’ அடித்துவிட்டேன். முறுக்குப் பொட்டலத்தை இப்போதுதான் என் பக்கம் தள்ளினாள்.

இரண்டாவது தொடக்கம்: ‘கணக்கில் அணிகளைப் பெருக்க இரண்டு வழிகள் உண்டு.’ நீங்கள் ஓடிவிடுவீர்கள். ஆனாலும் சொல்லாமல் முடியாது.

2

தனகோடி அண்ணனுக்கு நாலு குட்டை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று நாலு வேளை தீவனம். மொத்தம் பதினாறு கட்டம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோ என்று சொல்வது எங்கள் ஆபீஸ் புரோகிராம், எழுதியது சஹானா. ஓர் அட்டவணையில் வழக்கமான அளவு. இன்னொன்றில், நேற்று இறால் தின்றதைப் பார்த்து எவ்வளவு கூட்டலாம், குறைக்கலாம் என்ற விகிதம். வரியையும் பத்தியையும் கலந்து கூட்டுகிற பெரிய பெருக்கல் இல்லை இது. ஒவ்வொரு கட்டமும் அதே இடத்துக் கட்டத்தோடு பெருகும், அவ்வளவுதான். ஒரே நிபந்தனை, இரண்டு அட்டவணையும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

சஹானாவின் அட்டவணையில் குட்டைக்கு ஒரு வரி. தனகோடி அண்ணனின் நோட்டில் வேளைக்கு ஒரு வரி. தட்டு பார்க்கிறவர்கள் கரையில் நடந்துகொண்டே நாலு குட்டையையும் பார்த்து ஒரு வரி எழுதுவார்கள்.

(தட்டு என்பது தண்ணீருக்குள் இறக்கிவைக்கும் வலைத்தட்டு. அதில் தீவனம் மிஞ்சினால் இறாலுக்கு ஏதோ நோவு.)

என் அம்மா கன்னியம்மா பதினோரு வருஷம் அந்தக் கரையில் தட்டு தூக்கினாள். நானும் சேற்றுக்காலோடு நோட்டு எழுதியிருக்கிறேன். கல்பாக்கத்தில் விஞ்ஞானி வீட்டில் வளர்ந்த சஹானாவுக்கு இது தெரிய வழியில்லை. நோட்டை அப்படியே ஏற்றி, வரியைப் பத்தியாகத் திருப்பாமல் பெருக்கிவிட்டாள்.

நாலுக்கு நாலு. அளவு பொருந்துவதால் கம்ப்யூட்டர் வாயே திறக்காது. ஐந்து குட்டை இருந்திருந்தால் அப்போதே கத்தியிருக்கும்.

3

நேற்று இரண்டு மணிக்கு, மூன்றாம் குட்டைக் கரையில் மேனேஜர் முன்னால் புரோகிராமை ஓட்டிக் காட்டினாள். மூன்றாம் குட்டை, மூன்றாம் வேளை. நோட்டை எப்படித் திருப்பினாலும் அந்தக் கட்டம் அதே இடத்தில்தான் நிற்கும். கணக்கு சரியாக வந்தது. புது டீமுக்கு சஹானாதான் லீடு என்று அங்கேயே அறிவித்தார். மூன்று வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் நாற்காலி அது.

தப்பை நான் அப்போதே பார்த்துவிட்டேன்.

[இங்கே ‘சொல்ல நினைத்தேன், தொண்டை அடைத்தது’ என்று எழுதியிருந்தேன். பொய். தொண்டை நன்றாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.]

4

இன்று மூன்றரைக்குத் தனகோடி அண்ணன் போன் பண்ணினார். அவளுக்கு இல்லை, எனக்கு.

“இன்னா அன்பு, மூணாவது குட்டைக்கு ஆறு மணிக்கு ஒம்போது கிலோ போட சொல்லுது உங்க மிஷினு. நேத்து சாயங்காலம் போட்டதே தட்டுல பாதி அப்டியே கெடந்துச்சி.”

“ம்.”

“நாலாவது குட்டை பூந்து துன்னுகினு கீது. அதுக்கு இன்னாடான்னா ரெண்டு மணிக்குப் பாதி கொறச்சிடுச்சி.”

இரண்டு கட்டத்தின் விகிதமும் இடம் மாறியிருந்தன.

“அவங்களாண்ட கேட்டீங்களாண்ணா?”

“அது இங்கிலீஷ்ல வெளக்கும். கேட்டுகினு தலையாட்டணும். நீ கன்னியம்மா பொண்ணு. நீ சொல்லு, போட்டுடறேன்.”

நான் சொன்னேன்: “மிஷின் சொல்றபடியே போடுங்கண்ணா.”

“அப்ப சரி. தட்டு பாத்தவ சொன்னா தப்பாவாது.”

கடைசி வரி என் அலங்காரம் இல்லை. அவர் சொன்னது.

5

முடிவு அ: எழுந்து போய் சஹானாவிடம் சொல்கிறேன். ஒரே நிமிஷத்தில் நோட்டைத் திருப்பிப் போடுவாள். “ஐயோ, தேங்க்ஸ் அன்பு” என்பாள். தப்பை ஒப்புக்கொண்டாள் என்று அதற்கும் அவளைத்தான் பாராட்டுவார்கள்.

முடிவு ஆ: சொல்லவில்லை. தின்னாத தீவனம் அடியில் அழுகும். ரெண்டு மூணு நாளில் இறால் மூச்சு முட்டிக் கரையோரமாக வந்து ஒதுங்கும். சஹானா மாட்டுவாள். இதை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், மூன்று தடவையும் அருமையாக வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசியில் தனகோடி அண்ணன் கரையில் நின்று, “நீதான சொன்ன” என்கிறார்.

6

அவள் வீடு, என் வீடு. அவள் இங்கிலீஷ், என் இங்கிலீஷ். அவள் அப்பா, என் அப்பா. மூன்று வருஷமாக இப்படிக் கட்டம் கட்டமாக வைத்துப் பார்த்தவள் நான். எல்லாக் கட்டத்திலும் அவளுக்குத்தான் பெரிய எண். ஒன்றே ஒன்றில் எனக்கு: தட்டு. அந்த ஒன்றை வைத்துத்தான் பொய் சொன்னேன்.

மணி ஐந்து நாற்பது. அங்கே தனகோடி அண்ணன் தீவன மூட்டையைப் பிரித்திருப்பார். சஹானா பையை மாட்டிக்கொண்டு, “கிளம்பலையா? ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணா போலாம்” என்று நிற்கிறாள்.

முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று இந்த இடத்தில் தனகோடி அண்ணனின் போன் நம்பரை எழுதியிருந்தேன். யாராவது எனக்கு முந்திக் கூப்பிட்டு, போட வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பொறாமையாக இருந்தது. அழித்துவிட்டேன்.