உடையாத துண்டு

எங்கள் சோதனைக்கூடத்தை மூடிய வாரம், என் அத்தான் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னிலையிலும்.

"வருஷக்கணக்கா இரும்பை ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குறா. ஒரு தடவையாவது ஏதாவது ஆச்சா? அப்புறம் எதுக்கு அதுக்கு நிதி? ஏய் இரும்பொடிச்சி, இனிமே வீட்டுல விறகு ஒடி."

அக்காவும் சிரித்தாள். நான் சோற்றைப் பிசைந்தபடி அந்தச் சொல்லை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அத்தான் அணுமின் நிலையத்தின் நிதிப் பிரிவிலிருந்து இயக்குநர் நாற்காலிக்கு ஏறியவர். நான் அங்கே உலோகம் சோதிப்பவள். உலையைச் சுற்றியிருக்கும் பெரிய எஃகுப் பாத்திரம் கதிர்வீச்சில் ஆண்டுக்காண்டு இறுகி, எளிதில் உடையக்கூடியதாகிப்போகும். எவ்வளவு இறுகியது என்று பாத்திரத்தை வெட்டிப் பார்க்க முடியாது. அதனால் கட்டும்போதே அதே எஃகில் விரல் நீளத் துண்டுகளை உள்ளே வைத்திருப்பார்கள். அவ்வப்போது சிலவற்றை வெளியே எடுத்து, ஊஞ்சல்போல் ஆடிவரும் சுத்தியலால் அடித்து உடைப்போம். நல்ல எஃகு இழுபட்டுக் கிழியும், உடைந்த முகம் மங்கலாக இருக்கும். கெட்ட எஃகு பிஸ்கட் மாதிரிப் பட்டென்று போகும், முகம் மின்னும்.

கூடத்தைப் பூட்டிய பிறகு என்னைக் கொள்முதல் பிரிவுக்கு மாற்றினார்கள். மின்விசிறிக்கும் நாற்காலிக்கும் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக உலையிலிருந்து எடுத்த துண்டுகள் உடைபடாமல் ஈயப் பெட்டியிலேயே கிடந்தன. அது எனக்குத் தெரியும். அத்தானோ, அவற்றை வெளியாட்களை வரவழைத்துத் தன் முன்னிலையில் சோதித்தாகிவிட்டது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மேலே எழுதி அனுப்பியிருந்தார். நான் மறுத்து எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. மச்சினிக்குப் பொறாமை என்று பேச்சு மட்டும் பரவியது.

பழைய உலையை இன்னும் பத்தாண்டு ஓட்ட அனுமதி கேட்டபோதுதான் பாதுகாப்பு ஆய்வதிகாரி வந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல், அவசரமே இல்லாத பெண்மணி. கூடத்தைத் திறந்து காட்டச் சொன்னார். அந்தப் பழைய பூட்டுக்குச் சாவி போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

தூசிக்கு நடுவே இரண்டு சுத்தியல்களும் அப்படியே இருந்தன. ஒன்று தடித்த கண்ணாடிக்கு அப்பால், ஈயப் பெட்டிக்குப் பக்கத்தில், கதிர்வீச்சுள்ள துண்டுகளுக்கு. மற்றது வெளியே, சாதாரணத் துண்டை வைத்துப் பழக.

"போன தடவை சோதிச்சப்ப நீங்க இங்கேயே இருந்தீங்களா?" என்று அத்தானைக் கேட்டார் அதிகாரி.

"இருந்தேனாவா! முக்காவாசி நானே செஞ்சேன் மேடம். இதுல என்ன பெரிய வித்தை?"

இந்த வாய்ப்புக்காகத்தான் நான் அத்தனை நாற்காலிகளுக்கு விலை கேட்டுக் காத்திருந்தேன்.

"அத்தான், கூடம் திறந்தா முதல் துண்டை இருக்கிறவங்கள்ல பெரியவங்க உடைக்கணும். அது எங்க வழக்கம். நீங்களே உடைங்க."

அது உண்மையான வழக்கம்தான். பழகும் துண்டை அவர் கையில் கொடுத்தேன். அதன் நடுவே ஒரு பக்கம் மட்டும் கீறல் இருக்கும். கீறல் சுத்தியலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் அடி விழும்போது அது வாய் பிளந்து துண்டு உடையும். ஒரே ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் இது மறக்காது.

அத்தான் கீறலைச் சுத்தியலைப் பார்க்க வைத்தார்.

நான் திருத்தவில்லை.

அவர் பிடியை இழுத்தார். சுத்தியல் இறங்கியது. மொத்தென்று ஒரு சத்தம். துண்டு உடையாமல் வளைந்து, சுத்தியலை அப்படியே பிடித்து நிறுத்தியது.

"பாத்தீங்களா மேடம்! அசையுதா பாருங்க! எஃகுன்னா இது எஃகு!"

அதிகாரி வளைந்த துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"போன தடவையும் இப்படித்தான் வெச்சீங்களா?"

"எப்பவுமே இப்படித்தான் மேடம்."

"சரி," என்றார் அவர், அதே மெல்லிய குரலில். "அப்போ அந்த ஈயப் பெட்டியத் திறங்க. உடைஞ்ச பாதிகளைப் பாக்கணும்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். கண்ணால் ஜாடை காட்டினார். "மச்சினி, பெட்டிச் சாவி எங்கயோ தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னியே..."

"எங்கிட்டதான் இருக்கு அத்தான்."

கண்ணாடிக்கு அப்பால் இயந்திரக் கை மூடியைத் தூக்கியது. ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் முழுசு முழுசாக வரிசையில் கிடந்தன.

அடுத்த நாள் அதிகாரியின் எதிரில் நான் அவற்றை உடைத்தேன். முதல் துண்டு மங்கலாகக் கிழிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நல்ல மனுஷிக்கு அப்படித் தோன்றக்கூடாது, தோன்றியது. மூன்றாவது உப்புக்கல்போல மின்னியது. அதற்குப் பின் வந்தவையும் மின்னின. அன்றே உலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு. அத்தானுக்கு வேலை நீக்கம். எனக்குக் கூடத்தின் சாவி, இந்த முறை எழுத்தில்.

அக்கா தொலைபேசியில் கத்தினாள். "என் குடும்பத்தையே ஒடிச்சிட்டியேடி! மனசு ஆறிடுச்சா?"

"இன்னும் இல்லக்கா. நேர்ல வரேன்."

அதே சாப்பாட்டு மேசை. வளைந்த துண்டை அத்தானின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இரும்பொடிச்சி குடுக்குற பரிசு. உங்க கையால செஞ்சது."

அவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் தலை நிமிராமலே கேட்டார்: "எந்தப் பக்கம்தான் வெக்கணும்?"

"அதைச் சொல்லிக்குடுக்க நிதி இல்லைன்னு நீங்கதானே அத்தான் கையெழுத்துப் போட்டீங்க," என்று சொல்லிவிட்டு, அக்கா போட்ட சோற்றை நிதானமாகப் பிசைந்தேன்.