ஆந்த்ரே மட்டும்

சர்வர் ஆளுக்கொரு தட்டை வைத்துவிட்டுப் போனதும் ரஸ்ஸல் தன் தட்டையே வெறித்துப் பார்த்தான். இவ்வளவு அகலத் தட்டு. நடுவில் மூன்றே மூன்று சிப்பித் துண்டுகள், மேலே ஒரு தழை.

“மீதி பின்னாடி வருமோ?” என்றாள் அவன் மனைவி அர்லீன்.

ரொட்டிக் கூடையில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து அண்ணன் டெல்பர்ட்டின் குரல் இழுத்து இழுத்து வந்தது. “என்னடா வந்துச்சு? சொல்லித் தொலையேன்.”

டெல்பர்ட் கிழக்கே மாங்க்டன் ஊர் ஆஸ்பத்திரியில் இன்றோ நாளையோ என்று கிடந்தான். சஸ்காட்டூனிலிருந்து அவனைப் பார்க்கக் கிளம்பிய இவர்களுக்கு மான்ட்ரியலில் விமானம் மாற வேண்டும். அடுத்தது காலையில்தான். உயிரோடு அண்ணன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர ரஸ்ஸலுக்கு வேறு நினைப்பே இல்லை. விமான நிலையத்தை விட்டு அசைய மாட்டேன் என்று அடம் பிடித்தவனை டெல்பர்ட்தான் போனில் வைதான்.

“இப்பவே எழவு வீட்டு மூஞ்சியா? அவளுக்கு ஊரைச் சுத்திக் காட்டுடா. மேஜைவிரிப்பு போட்ட இடமாப் பாத்து சாப்பாடு வாங்கிக் குடு. என்னென்னன்னு எனக்குச் சொல்லு. இங்க எனக்குக் குழாய்ல கஞ்சி.”

ஆகவே மலையேறி ஊரைப் பார்த்தார்கள். மாதாகோயில் பார்த்தார்கள். துறைமுக ராட்டினத்தில்கூட ஏறினார்கள். உச்சியில் போய் நின்றபோதும் ரஸ்ஸல் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு சிப்பி,” என்றான் இப்போது.

“நீ என்ன கேட்ட?”

“ஆந்த்ரே. ரெண்டு பேருக்கும். ‘அது மட்டுமா’ன்னு சர்வர் ரெண்டு தடவை கேட்டார். கொறிக்கிற சமாச்சாரம் எல்லாம் வேணாம், நல்ல பசின்னுட்டேன்.”

“அட மடையா! நம்ம ஊர்லதான் ஆந்த்ரேன்னா முழுச் சாப்பாடு. அங்க பிரெஞ்சுல அதாண்டா கொறிக்கிறது!”

கியூபெக் காடுகளில் மரம் வெட்டுகிறவர்களுக்கு ஆயுசெல்லாம் சமைத்துப் போட்டவன் டெல்பர்ட். அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமினான், மறுபடி சிரித்தான். அர்லீன் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போயிற்று. ரஸ்ஸலும் சிரித்துவிட்டான்.

“ஐயோ, வயிறு வலிக்குது. வாத்து இருக்கான்னு கேளுடா.”

இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்க வந்தும் சேர்ந்தது.

“டெல், வாத்து வந்தாச்சு.”

போனை இன்னும் கிட்டே இழுத்தான்.

“டெல்?”

“ரஸ்…” அண்ணன் மனைவி வெர்னாவின் குரல். “சிரிச்சு ஓஞ்சு கண்ணை மூடினார். தூங்குறார்னுதான் நெனச்சேன். நர்ஸ் இப்ப வந்து பாத்தாங்க. போயிட்டாரு, ரஸ்.”

அர்லீன் ரஸ்ஸலின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா அந்தப் பாவி?

“வெர்னா, போனை வச்சிடாத. அவன் காதுகிட்ட பிடி.”

“இனிமே கேக்காது ரஸ்.”

“பிடியேன்.”

மறுமுனையில் படுக்கை விரிப்பு சரசரத்தது. ரஸ்ஸல் வாத்தில் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டு மென்றான். விழுங்க வெகு நேரம் பிடித்தது. பிறகு போன் பக்கம் குனிந்தான்.

“தோலு நல்லா மொறுமொறுன்னு இருக்கு, டெல். மேல ஏதோ பழக்கூழை ஊத்தி வச்சிருக்காங்க. உனக்குப் பிடிக்காது.”