படத்துக்குள் நுழைந்த மாமியார்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்த மருமகளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஸ்பானியக் கதைகளையும் படங்களையும் வைத்துச் சமூகத்தைப் படிக்கும் மாலை வகுப்பில் கடைசிப் பேச்சு அவளுடையது. நன்றாகப் பேசினால் அடுத்த வருட வகுப்பிலும் இடம். சொதப்பினால் மாலைப்பொழுது பழையபடி துணி தேய்க்கத்தான். போதாக்குறைக்கு, வீட்டாரும் வரலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டதால், மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவள் எடுத்துக்கொண்டது ஒரு விதவைத் தாயின் வீட்டைப் பற்றிய பழைய படம். இஸ்திரி போட்டுக்கொண்டே, மாமியார் கூப்பிடும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்த படம்.

"அந்த வீட்டுல அதிகாரம் எங்க இருக்குன்னு பாருங்க" என்று தொடங்கினாள். தன் குரல் அவளுக்கே பிடித்துப்போயிற்று. "அலமாரிச் சாவி அந்தம்மா இடுப்புல. சாப்பாட்டு மேசையில முதல் நாற்காலி அவங்களுக்கு. ராத்திரியானா டிவி ரிமோட் தலகாணிக்கு அடியில. மருமக குளிக்கப் போனா, கதவுக்கு வெளிய நின்னு 'தண்ணி வீணாகுது'ன்னு ஒரு சத்தம்..."

டீச்சர் நிமிர்ந்தார். "ஒரு நிமிஷம்மா. அந்தக் கதை நடக்குற காலத்துல டிவியே வரலியே?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்குள் ஏதோ வழுக்கிற்று. எது அந்த வீடு, எது இந்த வீடு? சாவி அங்கே. நாற்காலி அங்கே. ரிமோட்... ஐயோ! கண் தானாக முன்வரிசைக்குப் போயிற்று.

மாமியார் எழுந்துவிட்டார்.

"ரிமோட் என்னோடது டீச்சர். தண்ணிக்குக் கத்துறதும் நான்தான்." வகுப்பில் எழுந்த கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். "ஆனா அந்தம்மா ஏன் சாவிய விடமாட்டேங்கிறான்னு இவ சொல்லலியே? புருஷன் போனப்புறம் அவ சொல்லுக்கு யாரு கட்டுப்பட்டு நின்னா? சாவிக்குத்தான் நின்னாங்க."

"நீங்களும் படம் பாத்தீங்களாம்மா?" என்றார் டீச்சர்.

"கதவிடுக்குல நின்னு. நடுவுல அடுப்ப அணைச்சிட்டு வரணும்ல? அதுக்குத்தான் இவளக் கூப்பிட்டு நிறுத்த வப்பேன்."

மருமகள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாள் பல்லைக் கடித்ததெல்லாம் இதற்கா!

"இடம் உண்டு. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

படியிறங்கும்போது மருமகள் மெல்லக் கேட்டாள்: "அப்ப அத்தே, ரிமோட்டு?"

"படிப்பு வேற, தலகாணி வேற. நட!"